பிளாக் முடிந்து வந்த முதல் வண்டி

ஞாயிற்றுக்கிழமை மெகா பிளாக் என்றால் பம்பாயில் எல்லோரும் முகம் சுளிப்பார்கள். எனக்கு அது பிடிக்கும். ஹார்பர் லைனில் பதினொன்று பத்திலிருந்து நாலு பத்து வரை வண்டி ஓடாது என்று பேப்பரில் வந்துவிட்டால், அந்த ஐந்து மணி நேரத்தை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். உங்களுக்கு அது தண்டவாளத்தில் இறங்கி வேலை பார்க்கிற நாள். எனக்கு ரிக்கார்டிங் நாள். செம்பூரில் என் ஸ்டுடியோ தண்டவாளத்திலிருந்து அறுபது அடி தள்ளி இருக்கிறது. சுவரில் எவ்வளவு பஞ்சு அடைத்தாலும் ரயில் சத்தம் நிற்காது, ஏனென்றால் அது தரை வழியாக வருகிறது. அதனால்தான் இருபத்தெட்டு வருடமாக நல்ல குரல்களை நான் மெகா பிளாக் நாளில் மட்டும் பதிவு செய்துவருகிறேன்.

போன வியாழக்கிழமை நீங்கள் என்னைப் பார்க்க வந்தீர்கள். உங்கள் மகள் ஜெனி இறந்து பதினாறு மாதம் ஆகிறது. அவள் பாட்டுகளை நான் வெளியிட்டுப் பதினொரு மாதம். இத்தனை நாள் அவற்றைக் கேட்க மனம் வரவில்லை என்றும், அன்று காலைதான் மாரிசெல்வம் உங்கள் போனில் போட்டுக் கொடுத்தான் என்றும் சொன்னீர்கள். டீ வேண்டாம் என்றீர்கள். கடைசிப் பாட்டின் கடைசிப் பகுதியை எனக்கு ஒருமுறை போட்டுக் காட்டினீர்கள். அதை நான் எத்தனை நூறு தடவை கேட்டிருப்பேன் என்பது உங்களுக்குத் தெரியாது.

“பாட்டு முடிஞ்ச பொறவு ஒரு வண்டி போவுதுல்லா சார். அது நான் விட்ட வண்டி,” என்றீர்கள்.

எனக்குப் புரியவில்லை.

“அன்னைக்குச் செம்பூருக்கும் கோவண்டிக்கும் நடுவுல எங்க கேங்குதான் நின்னுச்சு. நாலு பத்துக்கு முடிய வேண்டிய பிளாக் இழுத்துட்டு. லைன் கிளியர் குடுத்து மொத வண்டி போகும்போது நாலு முப்பத்தி நாலு. வேலை பாத்த எடத்துல மொத வண்டி ஊர்ந்துதான் போவும். அந்தச் சத்தம் எனக்குத் தெரியாதா. நீங்க போலீஸ்ல என்ன சொல்லியிருக்கிய, நாலு பன்னண்டுக்குப் பாட்டு முடிஞ்சதும் புள்ள சாஞ்சா, ஒடனே தூக்கிட்டு ஓடுனேன்னு. அப்போ ஓடுன சத்தம் எங்க சார்? கதவு தொறந்த சத்தம் எங்க?”

நீங்கள் குரலை உயர்த்தவில்லை. போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தீர்கள்.

“வாயால சொன்னா எனக்கு நிக்காது. எழுதித் தாங்க. தமிழ்ல எழுதுங்க, அவ அம்மைக்கு வாசிச்சுக் காட்டணும். ஆஸ்துமா பம்பு காலியா இருந்துச்சுன்னு நம்பி, புதுசு வாங்கிக் குடுக்காமப் புள்ளைய நானே கொன்னுட்டேன்னு அவ பதினாறு மாசமாச் சாவுதா. காலியா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க போதும்.”

எழுதுகிறேன். எனக்கும் அலுத்துவிட்டது. அவளைப் பற்றிப் பேசச் சொல்லி யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒரே கதையை ஒரே மாதிரி திரும்பத் திரும்பச் சொல்வது பெரிய களைப்பு. ஆனால் நீங்கள் கேட்டதை மட்டும் சொல்லி நிறுத்தினால் என்னைத் தப்பாக நினைப்பீர்கள். கொஞ்சம் முன்னாலிருந்து வருகிறேன்.

அவளை என்னிடம் அழைத்து வந்தவன் மாரிசெல்வம்தான். டிரம்ஸ் வாசிக்கிற பையன், தாராவியில் உங்கள் சந்துக்காரன். அவளுக்கு அப்போது இருபத்து மூன்று வயது. ஐரோலியில் ஒரு கம்பெனியில் போனுக்குப் பதில் சொல்கிற வேலை. தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, கிதாரை மடியில் வைத்துக்கொண்டு பாடினாள். வீட்டில் நீங்கள் பேசுகிற திருநெல்வேலித் தமிழும் தெருவில் பேசுகிற இந்தியும் கலந்த பாட்டுகள். ஒன்றுகூடச் சோகம் கிடையாது. எல்லாம் கேலி. குழாயடியில் குடத்தை மட்டும் வரிசையில் வைத்துவிட்டு மணிக்கணக்கில் காணாமல் போகிறவளைப் பற்றி ஒன்று. லேடீஸ் கம்பார்ட்மென்டில் ஜன்னல் சீட்டுப் பிடிக்கிறவளைப் பற்றி இன்னொன்று. “கொஞ்சம் தள்ளிக்கோங்கக்கா, அடுத்த ஸ்டேஷன்ல எறங்கிருவேன்” என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் பொய் சொல்லிக்கொண்டே சுன்னாபட்டியில் ஏறி வாஷி வரை உட்கார்ந்து போகிறவளின் பாட்டு. அது அவளேதான் என்று சொல்லிச் சிரித்தாள்.

அவளுக்கு வேண்டியது ஒரு முழு பாண்டு. டிரம்ஸ், பேஸ், கல்யாண ஊர்வலத்தில் வருகிற டிரம்பெட், கணபதிக்கு அடிக்கிற தாஷா. அதற்கு முதலில் கைடு டிராக் வேண்டும். பாடுகிறவர் கிதாரோடு தனியாக ஒருமுறை பாடி வைப்பார். அதைக் காதில் மாட்டிக்கொண்டு மற்றவர்கள் அவரவர் வாத்தியத்தை வாசிப்பார்கள். எல்லாம் ஏறிய பிறகு பாடுகிறவர் திரும்ப வந்து நன்றாகப் பாடுவார், கைடைத் தூக்கி எறிந்துவிடுவார்கள். வீடு கட்டும்போது போடுகிற சாரம்தான் அது. என் கம்ப்யூட்டரில் அந்தப் பதிவுகளுக்கு அவளே ஒரு ஃபோல்டர் போட்டு, ‘வெறும் ஜெனி’ என்று பெயர் வைத்தாள். இன்னும் யாரும் வாசிக்கவில்லை, வெறும் ஜெனி மட்டும் இருக்கிறாள் என்று அர்த்தம். நான் வெளியிட்ட தொகுப்புக்கும் வைத்து இன்று ஊரெல்லாம் தெரிகிற அந்தப் பெயர் எப்படி வந்தது என்று பேட்டிகளில் கேட்கிறார்கள். அவளே வைத்தது என்கிறேன். அது பொய்யில்லை.

என் ஸ்டுடியோவில் சில பழக்கங்கள் உண்டு. டேக், அதாவது பதிவு, போகும்போது ஃபேன், ஏசி எதுவும் ஓடாது. போன், வளையல், சாவி எல்லாம் வெளியே. பாடுகிறவர் பூத்துக்குள் இருப்பார், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான். பூத் கதவு பஞ்சு வைத்த கனமான கதவு. ரப்பர் விளிம்பு அதைத் தள்ளிக்கொண்டே இருக்கும் என்பதால் வெளியிலிருந்து தாழ் போட்டால்தான் மூடி நிற்கும். இதெல்லாம் அவளுக்காகச் செய்ததில்லை, முதலிலிருந்தே அப்படித்தான். பாட்டு முடிந்ததும் ஒரு நிமிடம் யாரும் அசையக் கூடாது என்பது இன்னொரு பழக்கம். வெறும் அறையின் சத்தத்தைப் பதிவு செய்துகொள்வோம். பிறகு எங்காவது வெட்டி ஒட்டும்போது அது உதவும். நான் கையை உயர்த்தி வைத்திருப்பேன், இறக்கினால் எழுந்திருக்கலாம். முதல் மாதம் அவளால் இருபது வினாடிகூட இருக்க முடியவில்லை. சிரித்துவிடுவாள். ஆறு மாதத்தில் நன்றாகப் பழகிவிட்டாள். நான் கையை இறக்கும் வரை சிலை மாதிரி இருப்பாள்.

பம்ப் விஷயம் இதோடு சேர்ந்ததுதான். அவளுடைய ஆஸ்துமா பம்பைக் கழுத்தில் தொங்கவிட உங்கள் வீட்டம்மா சிவப்புத் துணியில் ஒரு சின்னப் பை தைத்துக் கொடுத்திருந்தார். அவள் குனிந்து வாசிக்கும்போது அது கிதாரில் பட்டு டக்கென்று ஒரு சத்தம் வரும். மூன்று டேக் கெட்டுப்போனது. பூத்துக்கு வெளியே, என் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு கொக்கி இருக்கிறது, அதில் மாட்டிவிட்டுப் போகச் சொன்னேன். “அம்மைக்குத் தெரிஞ்சா வையும் சார்,” என்றாள். ஆனாலும் மாட்டினாள். அதன் பிறகு அந்தக் கொக்கி அவளுடையது என்றே ஆகிவிட்டது.

எனக்கு ஊர் மாட்டுங்கா. அப்பா ஆபீஸ் குமாஸ்தா, நான் சபாவில் கச்சேரிகளை டேப்பில் பிடித்துத் தொழில் கற்றவன். எத்தனையோ பெரிய குரல்களைப் பதிவு செய்திருக்கிறேன். ஜெனி பெரிய பாடகி இல்லை. ஆனால் எதுவும் சேர்க்காமல் அவளைக் கேட்கும்போது ஒன்று நடந்தது. நாக்கு அண்ணத்திலிருந்து பிரிகிற சத்தம், வரிக்கு முன்னால் எடுக்கிற மூச்சு, தந்தியில் விரல் நகர்கிற கீச்சு, எல்லாம் தெரியும். யாரும் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பவரைக் கேட்பது போல் இருக்கும். எப்படியும் தூக்கி எறியப்போகிறோம் என்பதால் அவளும் அலங்காரம் இல்லாமல் பாடினாள். இதன் மேல் டிரம்பெட்டை ஏற்றினால் என்ன ஆகும் என்று யோசிக்கவே எனக்குப் பிடிக்கவில்லை. இதை அப்படியே வெளியிடலாம் என்று மூன்று தடவை சொல்லிப் பார்த்தேன்.

“இது கச்சா மால் சார்,” என்றாள். “டிரம்ஸ் ஏறாம இதை வெளிய விட்டா, குளிக்கும்போது எவனோ எட்டிப் பாத்த மாதிரி இருக்கும் எனக்கு.”

அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை. யாரையும் வற்புறுத்துகிற ஆள் இல்லை நான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தேவ்நார் குப்பைமேட்டுப் பக்கமிருந்து புகை வந்துகொண்டிருந்தது. இரண்டு மணிக்கு வந்தாள். உட்காருவதற்கு முன்பே விஷயத்தைச் சொல்லிவிட்டாள். பாண்டுப்பில் ஒரு ஸ்டுடியோ கிடைத்திருக்கிறது, பெரிய அறை, டிரம்ஸும் தாஷாவும் சேர்ந்து வாசிக்கலாம், மறுநாளே ஆரம்பிக்கிறார்கள். பாக்கி ஒரு கைடுதான், ஜன்னல் சீட் பாட்டு. அதையும் எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் பென் டிரைவில் தர வேண்டும்.

“காப்பி குடுத்துட்டு அந்த வெறும் ஜெனி ஃபோல்டரை டிலீட் பண்ணிருங்க சார். ஒண்ணுகூட வெளிய போயிரக் கூடாது. பிராமிஸ்?”

சரி என்றேன். சொன்னபோது அப்படித்தான் செய்வதாக இருந்தேன்.

புகையினால் அவளுக்குப் பாட்டு ஓடவில்லை. வேகமாகப் பாட வேண்டிய பாட்டு. ஐந்து டேக் கெட்டது. கடைசியில், “மூச்சு இழுக்குது சார், ஸ்லோவா குடுக்கேன், அங்க போய் ஸ்பீடு ஏத்திக்கிடலாம்,” என்றாள். கொக்கியில் இருந்த பம்பை எடுத்து ஒரு தடவை இழுத்தாள், திரும்ப மாட்டினாள், உள்ளே போனாள். தாழைப் போட்டேன். மணி நாலு ஏழு. பிளாக் முடிய மூன்று நிமிடம்தான் இருந்தது. பொதுவாக மூன்றே முக்காலுக்கு நிறுத்திவிடுவேன். அன்று துணிந்து எடுத்தேன்.

நீங்கள் கேட்ட பாட்டு அதுதான். ஒவ்வொரு வரிக்கும் மூச்சுக்காக நின்று நின்று, ஜன்னல் சீட்டுக்குப் பொய் சொல்கிற பாட்டை அவள் அப்படிப் பாடினாள். கேட்டுக்கொண்டிருந்த எனக்கு உடம்பு சிலிர்த்தது. நாலு பன்னிரண்டுக்குப் பாட்டு முடிந்தது. நான் கையை உயர்த்தினேன். அவள் அசையாமல் இருந்தாள்.

ஹெட்ஃபோனில் முதலில் ஒரு மெல்லிய விசில் வந்தது. மூச்சு உள்ளே போக இடமில்லாமல் தேடுகிற சத்தம். அவள் கொக்கியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். ஒரு நிமிடம் முடியவில்லை என்பதால் நான் கையை இறக்கவில்லை. அவளும் எழுந்திருக்கவில்லை. நாற்பது வினாடி அப்படி இருந்தாள். பாட்டைக் கேட்டவர்கள் எல்லோரும் சொல்கிற அந்த நாற்பது வினாடி அதுதான்.

ஒரு நிமிடம் ஆனதும் அவள் கையை உயர்த்தினாள். எனக்கு மணி தெரிந்தது. எந்த நொடியும் வண்டி வரும், வந்தால் எப்படியும் டேக் கெட்டுவிடும், அதுவரை போகட்டும் என்று நினைத்தேன். ஆனால் வண்டி வரவில்லை. நாலு பதினான்கு ஆயிற்று, நாலு பதினைந்து ஆயிற்று, தரை அசையவில்லை. அந்த மாதிரி ஓர் அமைதி எனக்கு அதுவரை கிடைத்ததில்லை. சின்னச் சத்தமும் பதிவாகட்டும் என்று மைக்கின் கெயினைக் கொஞ்சம் ஏற்றினேன். அவ்வளவுதான் நான் செய்தது.

அவள் எழுந்தாள். கிதாரைச் சத்தம் வராமல் ஸ்டாண்டில் சாய்த்து வைத்தாள். பழக்கம். கதவுக்கு வந்து தட்டினாள். பஞ்சு வைத்த கதவு என்பதால் தட்டினால் பெரிதாக ஒன்றும் கேட்காது. கண்ணாடிக்கு வந்து கழுத்தைத் தொட்டுக் காட்டினாள், பை தொங்குகிற இடத்தை. நான் தலையை ஆட்டினேன், புரிந்தது என்று. எனக்கு அவள் மேல் கோபம் எதுவும் இல்லை. மறுநாள் பாண்டுப்பில் இதெல்லாம் தாஷாவுக்கு அடியில் போய்விடும், என் கையாலேயே நான் எல்லாவற்றையும் அழித்திருப்பேன் என்பது மட்டும் மனதில் இருந்தது. ஆறாவது நிமிடத்தில் அவள் கதவோரம் உட்கார்ந்தாள். பதினோராவது நிமிடத்துக்குப் பிறகு அவளிடமிருந்து கேட்க ஒன்றுமில்லை. அறை மட்டும் இருந்தது. அதையும் பதிவு செய்தேன்.

நாலு முப்பத்தி நாலுக்குத் தரை அதிர்ந்தது. உங்கள் வண்டி. அதற்கு மேல் டேக் பயன்படாது. எழுந்து தாழை எடுத்தேன்.

ரிக்‌ஷாவில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அங்கே என்ன சொன்னார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். உங்கள் வீட்டம்மா ஓடி வந்ததும் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, “பம்பு இருந்துச்சா சார்? தீரப்போகுதுன்னு சொன்னா, நாந்தான் நாளைக்கு வாங்குவோம்னு சொல்லிட்டேன்,” என்பது. “தீர்ந்துபோயிருக்கும்மா,” என்றேன். அவர் வாயிலிருந்தே வந்த பதில் அது. நானாக எதையும் உண்டாக்கவில்லை.

நான் கடைசி இருபத்திரண்டு நிமிடத்தில் முன்னால் நாற்பது வினாடியையும் பின்னால் வண்டி போகிற அரை நிமிடத்தையும் வைத்துக்கொண்டு, நடுவில் இருந்ததை எடுத்துவிட்டு ஒட்டினேன். அறையின் சத்தம் ஒன்றுதான் என்பதால் ஒட்டு தெரியாது. மற்றப் பாட்டுகளில் அவள் சிரிக்கிற இடங்களை வெட்டினேன். நீங்கள் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டீர்கள், வெளியிட்டேன். வண்டிச் சத்தத்தை எடுத்திருக்கலாம். கேட்க அழகாக இருந்தது என்று விட்டேன். உங்களைப் போல் ஒருவர் கேட்பார் என்று நான் யோசிக்கவில்லை.

பிறகு நடந்தது நான் எதிர்பார்த்ததைவிடப் பெரிது. தமிழே தெரியாதவர்கள்கூடக் கேட்கிறார்கள். வந்தனா என்று ஒரு பெண், இசையைப் பற்றி எழுதுகிறவர், இவ்வளவு பக்கத்தில் ஒரு மனிதக் குரலைத் தான் கேட்டதே இல்லை என்று எழுதினார். அடுத்த ஸ்டேஷனில் இறங்கிவிடுவேன் என்பதை அவள் உலகத்திடம் விடைபெற்ற வரி என்று எடுத்துக்கொண்டார்கள். புனாவில் ஒரு பெண்ணுக்கு அந்த மூச்சைக் கேட்டால்தான் தூக்கம் வருகிறதாம். ஏன் இப்படி என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். இறந்துபோனவள் பாடும்போது பின்னால் வாத்தியம் இருந்தால் அது வெறும் பாட்டு. ஒன்றுமில்லாமல் இருந்தால், அவளுக்கே தெரியாத ஒன்றை நாம் தெரிந்துகொண்டு கேட்கிறோம். அவர்களுக்குப் பிடித்திருப்பது அதுதான். எனக்குப் பிடித்ததும் அதுதான், நான் கொஞ்சம் முன்னால் கேட்டுவிட்டேன்.

மாரிசெல்வம் மட்டும் ஒருநாள் வந்து, “அது எங்க ஜெனி இல்ல சார். அவ சிரிக்கிறது எல்லாம் எங்க போச்சு?” என்றான். டிரம்ஸ் வாசிக்கிறவனுக்கு இதெல்லாம் பிடிக்காது.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். பம்ப் காலியாக இல்லை. அதன் முதுகில் இன்னும் எத்தனை தடவை இழுக்கலாம் என்று ஒரு எண் தெரியும். நூற்று எழுபத்தொன்று. தீரப்போன பழையதை மாற்றி, வீட்டில் சொல்லாமல் அவளே புதிதாக ஒன்று வாங்கியிருக்க வேண்டும். பை பதினாறு மாதமாக அந்தக் கொக்கியிலேயே இருந்தது, நான் தொடவில்லை. இந்த உறையில் வைத்திருக்கிறேன், எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டம்மாவிடம் எண்ணைக் காட்டினால் அவருக்கு நிம்மதியாக இருக்கும்.

கூடவே ஒரு பென் டிரைவ் இருக்கிறது. இருபத்திரண்டு நிமிடமும் வெட்டாமல் அதில் இருக்கிறது. இதுவரை யாருக்கும் கொடுத்ததில்லை. போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள், பாதி தெரியாது. நல்ல ஹெட்ஃபோன் ஒன்றும் வைத்திருக்கிறேன், திருப்பித் தர வேண்டாம். இதையெல்லாம் நீங்கள் போலீஸிடம் கொண்டுபோனாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. நான் இங்கேதான் இருப்பேன்.

ஒன்று மட்டும் உங்களிடம் கேட்கத் தோன்றுகிறது. குறையாகச் சொல்லவில்லை, வேலையில் முன்பின் ஆவது எனக்கும் தெரியும். நாலு பத்துக்கு முடிய வேண்டிய பிளாக்கை அன்று ஏன் அவ்வளவு நேரம் இழுத்தீர்கள்? வண்டி நேரத்துக்கு வந்திருந்தால் நானும் நேரத்துக்குக் கதவைத் திறந்திருப்பேன்.